கையொப்பமிட ஒருவர்

2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட நடைபவனி ஒன்று, பதினாறாவது நாளான ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை வந்தடைந்தது. மலையகத் தமிழர் இந்த மண்ணுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, மூதாதையர் வந்த பாதையிலேயே பேரப்பிள்ளைகள் நடந்தார்கள். அந்தப் பாதை மாத்தளையில் முடிந்ததற்குக் காரணம் உண்டு. கோப்பிக் காலத்தில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கியவர்கள், காடும் மேடும் தாண்டி, தம்புள்ளை, நாலந்தா வழியாக மலைநாட்டின் வாசலைத் தொட்ட இடம் இதுதான். வாந்திபேதியும் அம்மையும் மலேரியாவும் பட்டினியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. 1840களில் மட்டும் ஏறத்தாழ 70,000 பேர் இறந்திருப்பார்கள் என்று அக்காலத்திலேயே எழுதப்பட்ட ஒரு மதிப்பீட்டை வரலாற்றாசிரியர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

அப்படி வழியில் தாய் செத்த பிள்ளையை யார் தூக்கிவந்தார்கள்? அந்தக் காலக் கணக்குகளில் இதற்கு விடை தேடுவது கடினம். கணக்கெழுதியவர்கள் உழைக்கும் கைகளை எண்ணினார்கள். தூக்கிவரப்பட்ட குழந்தைகளை எண்ணவில்லை. யாரோ ஒரு சித்தியோ, பெரியம்மாவோ, ஊர்க்காரியோ தூக்கித்தான் வந்திருக்க வேண்டும். மாத்தளையின் ஆதரவற்ற பிள்ளைகளைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் பெயர் தெரியாத அந்தப் பெண்தான் என் நினைவுக்கு வருகிறாள். இன்றும் அவளே தூக்கிக்கொண்டிருக்கிறாள். அவளை இன்றும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

தோட்டத்துப் பிள்ளைக்குப் பாடசாலை வந்த கதை நீண்டது. 1854இல் தொடங்கிய அங்கிலிக்கன் 'தமிழ்க் கூலி மிஷன்' கண்டி, மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் சிறு பள்ளிகளை நடத்தியது. மற்றபடி லயத்து வாசலிலோ கோயில் முன்றிலிலோ, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் மாலையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுப்பார். 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்டத்துரையின் பொறுப்பாக்கியது. 1920ஆம் ஆண்டுச் சட்டம், பத்து வயதுக்குக் குறைந்தவரைக் காலை பத்து மணிக்கு முன் வேலைக்கு எடுக்கக்கூடாது என்றது. அந்த ஏற்பாட்டை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பத்து மணிக்குப் பின் ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை எங்கே போகும் என்பது சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாடெங்கும் பரவியபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியேதான் நின்றன. 1977இல் தொடங்கிக் கட்டங்கட்டமாகத்தான் அவற்றை அரசு பொறுப்பேற்றது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் ஒரு தலைமுறை முழுவதும் கொழுந்துக் கூடையோடு வளர்ந்துவிட்டது.

மாத்தளை மாவட்டத்துக்கு இதற்கு மேலும் இரண்டு அடிகள் விழுந்தன. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின் பின் கண்டி, மாத்தளைத் தோட்டங்கள் பல ஜனவசம, உசவசம என்ற அரச நிறுவனங்களின் கைக்குப் போயின. பலர் வேலையும் லயமும் இழந்து விரட்டப்பட்டனர். அதே ஆண்டுகளில் வந்த உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டக் குடும்பங்கள் தெருவுக்கு வந்து கையேந்தின. கொஞ்சம் பேர் வடக்கே வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். இன்னும் கொஞ்சம் பேர் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். எங்கும் போக வழியில்லாதவர்கள் நகரத்தின் விளிம்புகளில் குடியேறினார்கள். 1983 ஜூலையில் மாத்தளை நகரம் எரிந்தது. முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. அந்தத் தீயில் வீடுகளோடும் கடைகளோடும் பெட்டிகளில் பூட்டி வைத்திருந்த தாள்களும் எரிந்தன. இந்தக் கட்டுரைக்கு அந்தத் தாள்கள் முக்கியம்.

இன்று மாத்தளை நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வாழ்வோர் பல வகையினர். நகர சுத்தித் தொழிலாளர் குடும்பங்கள், கடைத்தெருவில் மூட்டை தூக்கும் நாட்டாமைகள், மிளகும் கராம்பும் சாதிக்காயும் தரம் பிரிக்கும் பெண்கள், எல்கடுவ, ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களை விட்டு இறங்கி வந்தவர்கள் என்று தமிழரும், அவர்களுக்குப் பக்கத்திலேயே ஏழை முஸ்லிம் குடும்பங்களும் சிங்களக் குடும்பங்களும் வாழ்கிறார்கள். மாவட்ட மக்களில் தமிழர் பத்தில் ஒரு பங்கினர். ஆதரவற்ற பிள்ளை மூன்று சமூகங்களிலும் உண்டு. ஆனால் தமிழ்ப் பிள்ளைக்கு இருக்கும் சிக்கலுக்குத் தனி வரலாறு இருப்பதால் அதைத்தான் இங்கே விரித்துச் சொல்கிறேன்.

ஆதரவற்ற பிள்ளை என்றதும் தாயும் தந்தையும் இறந்த பிள்ளை நம் கண்முன் வருகிறது. அப்படிப்பட்டவர்கள் குறைவு. தாய் குவைத்திலோ ரியாத்திலோ வீட்டு வேலையில் இருப்பாள். தகப்பன் கொழும்புக் கடையில் இருப்பான், அல்லது வேறு குடும்பம் தேடிப் போயிருப்பான், அல்லது குடித்து அழிந்திருப்பான். பிள்ளை பாட்டியிடம் வளரும். சட்டப்படி அந்தப் பிள்ளைக்குப் பெற்றோர் இருவர் இருக்கிறார்கள். பாடசாலை வாசலில் ஒருவரும் இல்லை.

ஜனவரி மாதத்தில் எந்தப் பாடசாலை அலுவலகத்துக்கும் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திய ஒரு முதியவள் வருவாள். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் நான்காக மடித்து மடிப்பில் கிழிந்த ஒரு தாள், கிளினிக் அட்டை, எப்போதோ கிராம உத்தியோகத்தர் எழுதிக் கொடுத்த கடிதம். பிள்ளை அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு, சுவரில் ஒட்டிய படங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அலுவலர் கேட்பார்: "பெற்றார் எங்கே அம்மா? பிறப்புச் சான்றிதழ் இருக்கா? வாக்காளர் இடாப்பில யாருட பேர் இருக்கு?" அவர் கெட்டவர் அல்லர். சுற்றறிக்கை கேட்கச் சொன்னதைத்தான் கேட்கிறார். முதல் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் புள்ளித் திட்டத்தில் வதிவிடச் சான்றுக்கும் வாக்காளர் இடாப்பில் தொடர்ந்து பெயர் இருப்பதற்கும் பெரும் இடம் உண்டு. காணி உறுதி, மின் கட்டணச் சிட்டை எல்லாம் சான்றாகும். வேறொருவர் பெயரில் இருக்கும் அறையில் வாழ்பவளுக்கு இதில் ஒன்றும் கிடையாது. நல்ல பாடசாலை கைவிட்டுப் போகும். பிள்ளை குறைந்து தேய்ந்துபோன ஏதாவது ஒரு பாடசாலையில் இடம் கிடைக்கும். சில சமயம் அதற்கும் அடுத்த தவணை வரச் சொல்வார்கள்.

அவள் பையில் இருக்கும் பிறப்புச் சான்றிதழை, இருந்தால், ஒருமுறை விரித்துப் படிக்க வேண்டும். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, இடம். தந்தையின் பெயர், பிறந்த இடம், இனம். தாய்க்கும் அதே விபரங்கள். அடுத்துப் பெற்றோர் விவாகமானவர்களா என்றொரு கேள்வி. அதன் கீழே, பாட்டன் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயரும் பிறந்த ஆண்டும் இடமும். தந்தை இங்கே பிறக்காதவர் என்றால் பூட்டனைப் பற்றிய கேள்வியும் உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய வரலாற்றை அறிந்தவருக்கு, அந்தக் கூடுகள் எதைக் கேட்கின்றன என்பது சொல்லாமலே புரியும். நேற்றுப் பிறந்த ஒரு குழந்தையிடம் அதன் பாட்டன் எந்த மண்ணில் பிறந்தான் என்று கேட்ட தாள் அது. குடியுரிமைப் பிரச்சினை பின்னர் சட்டங்களால் தீர்க்கப்பட்டது. ஆனால் நிரப்பாமல் விட்ட கூடுகளும் பிழையாக எழுதிய பெயர்களும் குடும்பங்களின் பைகளில் இன்னும் கிடக்கின்றன. தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்பைத் தோட்ட நிர்வாகமே பதிவுக்கு அறிவித்து வந்தது. தோட்டம் உடைந்து கைமாறியபோது அந்தப் பழக்கமும் உடைந்தது. பெற்றோர் விவாகமானவர்களா என்ற கேள்வியைப் புதிய படிவத்திலிருந்து நீக்குவதாகப் பதிவாளர் நாயகம் திணைக்களம் அண்மை ஆண்டுகளில் அறிவித்தது. மனமார வரவேற்க வேண்டிய முடிவு. அந்த ஒரு கூட்டுக்கு அஞ்சியே பிறப்பைப் பதியாமல் விட்ட தாய்மார் இருக்கிறார்கள்.

பிறப்பு மூன்று மாதத்துக்குள் பதியப்படவில்லை என்றால் காலங்கடந்த பதிவு என்று தனி நடைமுறை உண்டு. பதிவே இல்லாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழும் உண்டு. வழி இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வழியில் நடக்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும், பிரதேச செயலகத்துக்குப் பல தடவை போக வேண்டும், எழுதப்பட்டிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும், அதுவும் பல இடங்களில் சிங்களத்தில். அறுபத்தைந்து வயதுப் பாட்டி இரண்டு தடவை போவாள். மூன்றாம் தடவை போகமாட்டாள். சேர்க்கையின்போது நல்ல மனமுள்ள ஓர் அதிபர் தாள் இல்லாமலே பிள்ளையைச் சேர்த்துக்கொண்டாலும், பதினைந்து பதினாறு வயதில் அது திரும்பி வரும். சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பத்து வருடம் படித்த பிள்ளை அங்கே வந்து நிற்கும்.

தாள் இருக்கிற பிள்ளைக்கும் ஆள் வேண்டும். தவணை முடிவில் முன்னேற்ற அறிக்கையில் யாராவது கையொப்பமிட வேண்டும். பெற்றார் கூட்டத்துக்கு யாராவது வர வேண்டும். "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் ஒரு சொல் விழுந்துவிட்டால், நாளைக்கு அந்தப் பிள்ளை வராது. மறுநாளும் வராது. கொப்பி, சப்பாத்து, ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்கான ரியூசன் காசு ஆகியவற்றைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். 1980 முதல் பாடநூல்கள் இலவசம். 1990களிலிருந்து சீருடைத் துணியும் இலவசம். இவை பெரும் பேறுகள், இவை இல்லாமல் மலையகத்தில் ஒரு ஆசிரியர் தலைமுறை உருவாகியிருக்காது. இருந்தும் ஒரு பிள்ளை பாடசாலையில் நிலைப்பதைத் தீர்மானிப்பது, அதன் பெயரைச் சொல்லி வாசலுக்கு வரும் ஒரு பெரியவர் இருக்கிறாரா என்பதே என்று நான் நம்புகிறேன்.

சட்டத்தில் குறையில்லை. 5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்ற ஒழுங்குவிதி 1998இல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அது 16 வயது வரை நீட்டப்பட்டது. வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயதும் 2021 தொடக்கத்தில் 14இலிருந்து 16 ஆனது. அதே 2021 ஜூலையில், டயகமவைச் சேர்ந்த ஒரு சிறுமி, தான் வேலை பார்த்த கொழும்பு வீட்டில் ஏற்பட்ட தீக்காயங்களால் வைத்தியசாலையில் இறந்தாள். மலையகம் முழுவதும் தெருவில் இறங்கி அழுதது. நுவரெலியா மாவட்டத்துச் சம்பவம் என்றாலும் மாத்தளைக்கும் அது அந்நியமல்ல. பாடசாலையிலிருந்து மெல்ல நழுவிய பிள்ளையைத் தரகர் ஒருவர் கடைக்கோ பங்களாவுக்கோ விடுவது எங்கள் ஊர்களில் எல்லாரும் அறிந்த கதை.

பாட்டியால் முடியாதபோது அடுத்தது சிறுவர் இல்லம். இலங்கையில் அநாதை இல்லங்களுக்கான கட்டளைச் சட்டம் 1941ஆம் ஆண்டினது. சிறுவர் நன்னடத்தை, பராமரிப்புச் சேவைகள் இப்போது மாகாண நிர்வாகத்தின் கீழும் இயங்குகின்றன. சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2005இல் வெளியிட்ட ஆய்வு இல்லங்களைப் பற்றிய ஓர் உண்மையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அங்கே இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிருடன் இருந்தார்கள். பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்ததற்கு வறுமை பெரும் காரணம். மூன்று வேளைச் சோறும் பாடசாலையும் கிடைக்கும் என்பதற்காகவே தாய் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறாள். வறுமை ஒன்றை மட்டும் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற வழிகாட்டல்கள் கூறுகின்றன. 2019இல் இலங்கையும் பிள்ளைகளின் மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கையை வகுத்தது. அதுவும் குடும்பத்தையே முதலில் வைக்கிறது.

இல்லங்களை நடத்துவோரைக் குறைசொல்வது என் நோக்கமல்ல. உறவினரால் துன்புறுத்தப்பட்ட பிள்ளைக்கு இல்லம் உயிர்காக்கும் இடம். அதில் இரவு பகல் பாராமல் உழைக்கும் சகோதரிகளையும் மேற்பார்வையாளர்களையும் நான் மதிக்கிறேன். ஆனால் பாடசாலைக்குப் போவதற்காக ஒரு பிள்ளை வீட்டை விட்டுப் போக வேண்டியிருந்தால் அது நம் கல்வி முறையின் தோல்வி. மாத்தளையில் இன்னொன்றும் நேர்கிறது. பத்தில் எட்டுப் பேர் சிங்களம் பேசும் மாவட்டத்தில், தமிழ் பேசும் பிள்ளையை இடம் இருக்கும் இல்லத்தில் சேர்த்தால், சில ஆண்டுகளில் அது பாட்டியோடு பேசும் மொழியை மறந்துவிடக்கூடும். ஒரு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து, பாட்டி கேட்பது புரியாமல் நிற்கும் பிள்ளையை எண்ணிப் பார்க்கவே நெஞ்சு கனக்கிறது. சிங்களம் கற்பது நல்லது, தேவையானது. பாட்டியை இழந்து கற்பது வேறு.

தாய்மாரைக் குற்றவாளியாக்கும் வழியையும் நாடு முயன்றது. 2013இல், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போக முடியாதவாறு குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. மூதூர்ப் பெண் ரிசானா நஃபீக் சவூதியில் மரண தண்டனைக்கு உள்ளான ஆண்டு அது, நாடே கலங்கியிருந்தது. அறிக்கை வந்த பிறகும் தாய்மார் போனார்கள். சிலர் பிள்ளை இல்லை என்று பொய் சொல்லிப் போனார்கள். அப்படிப் போனவளின் பிள்ளைக்குத் தாளில் தாயும் இல்லாமல் போனாள். 2022 பொருளாதார நெருக்கடியில் டொலர் தேவைப்பட்டபோது அந்தக் கட்டுப்பாடு இரண்டு வயதாகத் தளர்த்தப்பட்டது. பிள்ளையின் நலனைவிட நாட்டின் தேவைதான் அந்த வயதை நிர்ணயித்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேறு வழி உண்டா? உண்டு. கென்யாவில் 2004 முதல் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கு மாதாமாதம் காசு கொடுத்தார்கள். அங்கே இடைநிலை வகுப்புகளில் சேர்ந்த பிள்ளைகளின் தொகை கூடியதை ஆய்வுகள் காட்டின. அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. தமிழக அரசு 2025 செப்டம்பர் 15 அன்று 'அன்புக்கரங்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைக்குப் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். முதற்கட்டத்திலேயே ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். பிள்ளை சித்தி வீட்டிலேயே இருக்கும், காசு அங்கே வரும். வழியில் செத்த தாயின் பிள்ளையைத் தூக்கிவந்தாளே ஒருத்தி, அவளை ஓர் அரசு கடைசியில் கண்டுகொண்டது என்று அந்தச் செய்தியைப் படித்தபோது நினைத்தேன்.

இலங்கையிலும் 'செவன சரண' என்ற வளர்ப்புப் பெற்றோர் உதவித் திட்டம் நெடுநாளாக இருக்கிறது. அதில் கிடைப்பது சிறு தொகை. 2025 வரவு செலவுத் திட்டம் பெற்றோர் பாதுகாப்பற்ற பிள்ளைகளுக்கு மாதம் 5,000 ரூபாய் என்று முன்மொழிந்தது. இது நல்ல தொடக்கம். ஆனால் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளைக் கணக்கெடுப்பது எளிது, பதிவேடு இருக்கிறது. பாட்டியிடம் இருக்கும் பிள்ளைக்குப் பதிவேடு கிடையாது. அவளே அந்தப் பிள்ளையின் பாதுகாவலர் என்று சொல்லும் தாளும் கிடையாது. நீதிமன்றம் போய்ப் பாதுகாவலர் கட்டளை பெறலாம் என்று சட்டம் சொல்கிறது. நாட்கூலிக்குப் போகும் ஒரு கிழவி நீதிமன்றப் படி ஏறுவாள் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

ஆகவே நான் கேட்பது மூன்றே. பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் கிராம உத்தியோகத்தரும் சேர்ந்து, பிள்ளையை உண்மையில் வளர்ப்பவர் யார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். பாடசாலையும் வங்கியும் வைத்தியசாலையும் அந்தத் தாளை ஏற்கட்டும். பிள்ளையை முதலில் வகுப்பில் உட்கார வைத்துவிட்டுப் பிறகு பிறப்புச் சான்றிதழைத் தேடட்டும். தேடுவதும் உத்தியோகத்தரின் வேலையாக இருக்கட்டும். உதவித்தொகை அவளுடைய கையில் கிடைக்கட்டும். இவற்றுக்குப் புதிய கட்டடம் வேண்டாம், வெளிநாட்டு நன்கொடையும் வேண்டாம். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர்கள் மாத்தளைக்குப் போதிய அளவில் வேண்டும். அது மட்டும் விட்டுக்கொடுக்க முடியாதது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டது. மண்சரிவில் வீடுகள் போன மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படிப்பட்ட ஒவ்வொரு பேரிடருக்குப் பின்னும் உறவினர் வீட்டுக் கூரைக்குக் கீழே புதிய பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். தாள்கள் மண்ணுக்கடியில் போய்விடுகின்றன. ஆகவே இது தள்ளிப்போடும் விடயமல்ல.

இதைப் படிக்கும் ஆசிரியருக்கும், கடை முதலாளிக்கும், கோயில் பரிபாலன சபையாருக்கும், பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் பேரப்பிள்ளையை வளர்க்கும் ஒரு முதியவள் நிச்சயம் இருப்பாள். வருகிற வாரத்தில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, அவளுடைய பொலித்தீன் பையோடு அவளையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். படிவத்தை நீங்கள் நிரப்புங்கள். மூன்றாம் தடவையும் அவளோடு போங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம்.